குழு சிகிச்சையில் சேரலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடங்களுக்கு முன்பு மனச்சோர்வோடு ஒரு குழுவில் போய் உட்கார்ந்தவன் நான். பிறகு முறையாகப் படித்து, பயிற்சி எடுத்து, இப்போது குழுக்களை நடத்துகிறேன். சேரலாமா என்று யோசித்து வருபவர்களோடு முதலில் பேசுவதும் என் வேலைதான். ஆள் மாறினாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. அவர்கள் கேட்டதை அவர்கள் வார்த்தையிலேயே வைத்து, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன்.

குரூப் தெரபின்னா என்ன? எல்லாரும் வட்டமா உக்காந்து அழுவாங்களா?

வட்டமாக உட்காருவது உண்மை. எல்லோர் முகமும் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக அப்படி. அழுகை சில நாள் வரும், சிரிப்பும் வரும். பயிற்சி பெற்ற ஒருவரோ இருவரோ நடத்த, மனச்சிக்கலோடு வந்த சிலர் குறித்த நேரத்தில் தொடர்ந்து கூடிப் பேசுவதைத்தான் குழு சிகிச்சை என்கிறோம்.

ஒரே பெயரில் பல வகை இருப்பதால் குழப்பம் வருகிறது. பதற்றத்தை எப்படிக் கையாள்வது, கொந்தளிப்பான நேரத்தை எப்படிக் கடப்பது என்று பாடம்போலச் சொல்லிக்கொடுக்கும் திறன் பயிற்சிக் குழுக்கள் உண்டு. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன், கொந்தளிக்கும் உணர்ச்சிகளைக் கையாள உருவாக்கிய டிபிடி (Dialectical Behavior Therapy) முறையின் பயிற்சிக் குழு இந்த வகை, அதில் வீட்டுப்பாடமும் இருக்கும். உறவுக் குழுக்களில் பாடத்திட்டம் கிடையாது. அறைக்குள் ஒருவருக்கொருவர் எப்படிப் பழகுகிறார்கள் என்பதே அங்கே பேசுபொருள். ஒரே துயரம் உள்ளவர்கள் தாங்களே கூடிக்கொள்ளும் சுய உதவிக் குழுக்கள் வேறு. குடிப்பழக்கத்திலிருந்து மீள விரும்புகிறவர்களுக்காக 1935-இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அப்படிப்பட்டது. அங்கே சிகிச்சையாளர் இருக்க மாட்டார். எந்த வகையில் சேரப்போகிறீர்கள் என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஒன்றைக் கேட்காமல் போய்த்தான் பலர் ஏமாந்து திரும்புகிறார்கள்.

தனியா ஒரு ஆலோசகர்கிட்ட பேசறதுதானே உசத்தி? ஆள் பத்தாததாலதானே எல்லாரையும் ஒண்ணா உக்கார வெக்கிறாங்க?

தொடக்கம் கொஞ்சம் அப்படித்தான். 1905-இல் பாஸ்டனில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர், நல்ல சிகிச்சைக்கு வசதியில்லாத காசநோயாளிகளை ஒன்றாகக் கூட்டி வகுப்பு எடுத்தார். ஓய்வு, உணவு, சுத்தம் பற்றிச் சொல்லிக்கொடுப்பதுதான் அவர் திட்டம். ஒருவர் தேறுவதைப் பார்த்து அடுத்தவருக்கு நம்பிக்கை பிறந்ததையும், ஒரே நோய் அவர்களுக்குள் ஒரு பிணைப்பை உண்டாக்கியதையும் அவர் கண்டார். இரண்டாம் உலகப் போரில் மனம் உடைந்து திரும்பிய வீரர்கள் ஏராளம், மருத்துவர்கள் கொஞ்சம். இங்கிலாந்தின் நார்த்ஃபீல்ட் ராணுவ மருத்துவமனையில் பியோன், ஃபூக்ஸ் போன்ற மனநல மருத்துவர்கள் குழு முறையை வளர்த்தெடுத்தது அந்த நெருக்கடியில்தான்.

ஆனால் ஆள் பற்றாக்குறைக்காக வந்தது அதன் பலனுக்காக நிலைத்துவிட்டது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பல சிக்கல்களில் தனிச் சிகிச்சையும் குழு சிகிச்சையும் ஏறத்தாழ ஒரே அளவு பலன் தருவதாகவே ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். தனி அறையில் ஆலோசகர் 'இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை' என்று சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று தோன்றும். அதையே எதிர் நாற்காலியில் இருப்பவர் 'எனக்கும் அப்படித்தான், ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துடும்' என்று சொன்னால் உடம்பே நம்பும். எனக்கு அப்படித்தான் முதல் வெளிச்சம் கிடைத்தது.

எத்தனை பேர் இருப்பாங்க? எவ்வளவு நாள் போகணும்?

பொதுவாக 5 முதல் 10 பேர். உறவுக் குழுவுக்கு ஏழெட்டுப் பேர் நல்ல அளவு. வாரம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி நடக்கும். திறன் பயிற்சிக் குழுக்கள் பெரும்பாலும் 8 முதல் 20 வாரங்களில் முடிந்துவிடும். உறவுக் குழுக்கள் ஒரு வருடத்துக்கு மேலும் போகலாம்.

மூடிய குழு, திறந்த குழு என்றும் சொல்வார்கள். மூடிய குழுவில் எல்லோரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிப்பார்கள், நடுவில் யாரும் சேர முடியாது. திறந்த குழுவில் ஒருவர் போனால் அந்த இடத்துக்கு இன்னொருவர் வருவார். நீங்கள் நுழையும்போது மற்றவர்கள் ஏற்கெனவே பழகியிருப்பார்கள். முதல் சில வாரம் பந்தியில் பாதியில் உட்கார்ந்தது மாதிரி இருக்கும், பிறகு சரியாகிவிடும்.

சேர்றதுக்கு முன்னாடி தனியா கூப்பிட்டு ஏன் இத்தனை கேள்வி கேக்கறாங்க?

உங்களுக்கு இந்தக் குழு பொருந்துமா, இப்போது பொருந்துமா என்று பார்க்கத்தான். உங்களுக்கு என்ன வேண்டும், இதற்கு முன் எடுத்த சிகிச்சைகள், பலர் நடுவில் இருக்கும்போது உங்களுக்கு என்ன ஆகும் என்றெல்லாம் கேட்பார்கள். நீங்களும் திருப்பிக் கேளுங்கள். இப்படி ஒரு பேச்சே இல்லாமல் 'நேரா வந்து உக்காருங்க' என்று ஒரு சிகிச்சைக் குழு சொன்னால் நான் யோசிப்பேன்.

சில நேரம் 'இப்போது வேண்டாம்' என்று பதில் வரும். குரல் கேட்பது, யாரோ துரத்துவதாகத் தோன்றுவது தீவிரமாக இருக்கும் கட்டத்திலும், உயிருக்கே ஆபத்தான நெருக்கடியிலும், போதை தெளியாத நிலையிலும் சாதாரணக் குழு தாங்காது. முதலில் அதற்கான சிகிச்சை, பிறகு குழு. இப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் 'அங்கேயும் என்னை ஒதுக்கிட்டாங்க' என்று நொந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். 'எப்போது வரலாம்? அதுவரை நான் எங்கே போக வேண்டும்?' என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்வது அவர்கள் கடமை.

முதல் நாள் என்ன நடக்கும்? கதையை ஆரம்பத்துல இருந்து சொல்லச் சொல்வாங்களா?

சொல்லச் சொல்ல மாட்டார்கள். நடத்துபவர் விதிமுறைகளைச் சொல்வார். ரகசியம் காப்பது, நேரத்துக்கு வருவது, வர முடியாவிட்டால் முன்கூட்டியே தெரிவிப்பது, போதையில் வராமல் இருப்பது, யாரையும் தாக்காமல் இருப்பது போன்றவை. பிறகு ஒவ்வொருவரும் பெயரும், விரும்பினால் வந்த காரணத்தை ஒன்றிரண்டு வரியிலும் சொல்வார்கள். 'தூக்கம் வரலை, யாரோடயும் பேசப் பிடிக்கலை, அதான் வந்தேன்' என்பது போதுமான அறிமுகம்.

முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள் என்று நானே சொல்வதுண்டு. உள்ளே அடைத்து வைத்தது ஒரே மூச்சில் வெளியே வந்தால் அந்த நேரம் லேசாக இருக்கும். வீட்டுக்குப் போனதும் 'இவ்வளவு சொல்லிட்டேனே' என்ற வெட்கம் பிடித்துக்கொள்ளும், அடுத்த வாரம் கால் வராது. நல்ல மனிதர்கள் சிலரை இப்படி ஒரே வாரத்தில் இழந்திருக்கிறோம்.

நான் வாயைத் தொறக்கவே மாட்டேன். அப்போ போயி என்ன பிரயோஜனம்?

நான் முதல் நான்கு வாரம் பெயரைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. ஆனால் அந்த நான்கு வாரமும் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யாரோ சொன்ன ஏதோ ஒரு வரி கூடவே வந்தது. கேட்பதும் பங்கேற்புதான். உங்களைப் பேசும்படி யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. 'இன்னிக்கு என்னால முடியல' என்று சொல்லும் உரிமை உங்களுக்கு எப்போதும் உண்டு.

அதே நேரம் மாதக்கணக்கில் மௌனமாகவே இருந்தால் பலன் குறையும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பேசாதவரைப் பற்றி மற்றவர்கள் தாங்களாகவே எதையாவது நினைத்துக்கொள்வார்கள். 'நம்மை எடை போடுகிறார்' என்று தோன்றலாம், நீங்களோ பயந்துபோய் உட்கார்ந்திருப்பீர்கள். கதை சொல்ல வராவிட்டால் அந்தப் பயத்தையே சொல்லலாம். 'பேசணும்னு நினைக்கறேன், தொண்டை அடைக்குது' என்ற ஒரு வரி போதும். பல குழுக்களில் மிகக் கனமான உரையாடல் அப்படி ஒரு வரியிலிருந்துதான் தொடங்கியிருக்கிறது.

அங்க சொல்றது வெளியே போயிடாதா?

நேர்மையான பதில் இரண்டு பகுதி கொண்டது. நடத்துபவரைத் தொழில் நெறி கட்டுப்படுத்துகிறது. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை போன்ற சில நேரங்களில் மட்டும் அவர் உரியவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கும். அவை எவை என்பதை அவர் தொடக்கத்திலேயே விளக்க வேண்டும். மற்ற உறுப்பினர்களைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் அவர்கள் கொடுத்த வாக்குதான். எழுதிக் கையெழுத்து வாங்கும் குழுக்களும் உண்டு. முழு உத்தரவாதம் என்று யாராவது சொன்னால் அது மிகைப்பேச்சு.

என் அனுபவத்தில் அந்த வாக்கு பெரும்பாலும் காப்பாற்றப்படுகிறது. உங்கள் ரகசியம் அவர்களிடம் இருப்பது மாதிரி அவர்கள் ரகசியம் உங்களிடம் இருக்கிறது. அப்படியும் மனம் ஒப்பாவிட்டால் வேலை செய்யும் இடம், குடும்பத்தினர் பெயர், தெரு இவற்றைச் சொல்லாமலே பேசலாம். 'என் மேலதிகாரி' என்றால் போதும், அவர் பெயர் யாருக்கும் தேவையில்லை. உங்களுக்கு என்ன வலித்தது என்பதுதான் அங்கே வேண்டியது. வீட்டில் நீங்கள் பகிர்ந்துகொள்வதும் அப்படியே இருக்கட்டும்: உங்கள் பங்கை மட்டும் பேசுங்கள், மற்றவர் கதை அறையிலேயே தங்கட்டும்.

உள்ள போனா தெரிஞ்ச முகம் ஒண்ணு உக்காந்திருந்தா?

நடக்கக்கூடியதுதான். உடனே நடத்துபவரிடம் தனியாகச் சொல்லுங்கள். உறவினர், உடன் வேலை செய்பவர் என்றால் பெரும்பாலும் ஒருவரை வேறு குழுவுக்கு மாற்றுவார்கள். லேசான முகப்பழக்கம் என்றால் இருவரும் பேசி, இருவருக்கும் சம்மதமானால் தொடரலாம். பார்க்காத மாதிரி உட்கார்ந்திருப்பது மட்டும் வேண்டாம்.

மத்தவங்க கஷ்டத்தையும் கேட்டா எனக்கு இன்னும் மோசமாயிடாதா?

சில நாள் பாரமாக இருக்கும். அடுத்தவர் துக்கம் உங்கள் பழைய காயத்தைத் தொட்டுவிட்டால் அன்று இரவு தூக்கம் வராமல் போகலாம். அதனால் குழு முடிந்த கையோடு முக்கியமான வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள், அரை மணி நேரமாவது நடந்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். அடுத்த வாரம் 'போன வாரம் நீங்க சொன்னது என்னை ரொம்பப் பாதிச்சுது' என்று சொல்லுங்கள். சொன்னவருக்கும் அது பெரிய விஷயம்.

பலர் எதிர்பார்க்காத இன்னொன்றும் நடக்கும். 'நான் யாருக்கும் உதவாதவன்' என்று வந்து உட்கார்ந்தவர், தான் சொன்ன இரண்டு வார்த்தை இன்னொருவருக்குத் தெம்பு கொடுத்ததைக் கண்ணெதிரே பார்ப்பார். பிறருக்கு உதவுவதும் குணமாக்கும் என்பதை, குழு சிகிச்சை ஏன் பலிக்கிறது என்று ஆராய்ந்த இர்வின் யாலோம் தன் 11 காரணிகளில் ஒன்றாக வைத்திருக்கிறார். தொடர்ந்து பல வாரம் நிலைமை மோசமாகிக்கொண்டே போனால் மட்டும் பொறுத்துக்கொண்டு உட்காராதீர்கள், நடத்துபவரிடம் தனியாகப் பேசுங்கள்.

என் பிரச்சினை ரொம்பச் சின்னது. அங்க இருக்கறவங்க முன்னாடி சொல்லவே கூச்சமா இருக்கும்.

இதைச் சொல்லாதவர்கள் குறைவு. துக்கத்துக்குத் தராசு கிடையாது. யாலோம் ஒரு பயிற்சி செய்து பார்த்தார். மருத்துவ மாணவர்கள், செவிலியர்கள் போன்றவர்களிடம், குழுவில் சொல்லவே மனம் வராத ரகசியத்தைப் பெயர் போடாமல் ஒரு தாளில் எழுதச் சொன்னார். அவற்றில் திரும்பத் திரும்ப வந்தது 'உள்ளூர நான் தகுதியில்லாதவன், வெளியே வேஷம் போடுகிறேன்' என்ற எண்ணம்தான். உங்கள் 'சின்னப்' பிரச்சினையின் அடியிலும் இது இருக்கலாம், எதிரே இருப்பவரின் பெரிய பிரச்சினையின் அடியிலும் இருக்கலாம்.

மூணு வாரம் போயிட்டேன், ஒண்ணும் ஆகலை. நின்னுடலாமா?

விலகுபவர்களில் பலர் முதல் சில வாரங்களிலேயே விலகுகிறார்கள். அந்த வாரங்கள் உண்மையிலேயே கடினமானவை. குழுக்கள் எப்படி வளர்கின்றன என்று 1965-இல் எழுதிய புரூஸ் டக்மேன், ஒன்றுகூடுதல், கொந்தளித்தல், ஒழுங்குபடுதல், செயல்படுதல் என்று நான்கு கட்டம் சொன்னார். அவர் தொகுத்துப் பார்த்த ஆய்வுகளில் பெரும்பகுதி சிகிச்சைக் குழுக்களைப் பற்றியவை. முதல் கட்டத்தில் எல்லோரும் மரியாதையாக, மேலோட்டமாகப் பேசுவார்கள். சலிப்பாக இருக்கும். நீங்கள் பார்த்தது அந்த முகம்தான்.

வருகிறவர்களிடம் 8 முதல் 12 வாரமாவது கொடுத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்வேன். எப்படியும் நிற்பதென்றால் சொல்லாமல் நிற்காதீர்கள். காலி நாற்காலியைப் பார்க்கும் மற்றவர்கள் 'நாம ஏதாவது சொல்லிட்டோமா' என்று வாரக்கணக்கில் மருகுவார்கள். ஒருமுறை வந்து 'எனக்கு இது ஒத்துவரல' என்று சொல்லிவிட்டுப் போங்கள். அப்படிச் சொல்ல வந்தவர்களில் சிலர் அந்தப் பேச்சிலேயே மனம் மாறித் தங்கியிருக்கிறார்கள்.

ஒருத்தரே முழு நேரமும் பேசறார். என் முறையே வர்றதில்லை.

அதைக் கவனித்து நிறுத்துவது நடத்துபவர் வேலை. ஆனால் நீங்களும் சொல்லலாம். அடுத்த கேள்விக்கான பதில் இதற்கும் பொருந்தும்.

குழுவுல ஒருத்தரைக் கண்டாலே எனக்கு எரியுது. என்ன செய்யறது?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. வெளியே நீங்கள் மனிதர்களோடு எப்படி இருக்கிறீர்களோ, சில வாரங்களில் குழுவுக்குள்ளும் அப்படியே ஆகிவிடுவீர்கள். வீட்டில் விழுங்கிக்கொண்டு போகிறவர் இங்கேயும் விழுங்குவார். எல்லோரையும் திருப்திப்படுத்துகிறவர் இங்கேயும் எல்லோருக்கும் தலையாட்டுவார். வெளியே இதைச் சுட்டிக்காட்ட ஆளில்லை, காட்டினால் சண்டை. இங்கே அது நடக்கும்போதே நிறுத்திப் பார்க்கலாம். உங்கள் எரிச்சல் அதற்கான கதவு.

அவர் என்ன செய்யும்போது எரிகிறது, அப்போது உங்கள் மனதில் என்ன ஓடுகிறது, இதே உணர்வை வேறு யாரிடம் அனுபவித்திருக்கிறீர்கள் என்று யோசித்துக்கொண்டு வாருங்கள். 'நீங்க ஒரு சுயநலக்காரர்' என்று சொன்னால் அது தாக்குதல். 'நீங்க தொடர்ந்து பேசும்போது நான் இங்க இல்லாத மாதிரி ஆயிடறேன், வீட்லயும் எனக்கு அப்படித்தான் இருக்கும்' என்று சொன்னால் அது உங்களைப் பற்றிய உண்மை. கேட்பவரும் அதைத் தாங்குவார். என் குழுவில் இப்படி ஒரு வாக்கியம் விழுந்த நாளில், அதிகம் பேசுபவர் சிறிது நேரம் கழித்து, 'நிறுத்தினா யாரும் என்னைக் கவனிக்க மாட்டாங்கன்னு பயம்' என்றார். இருவருக்கும் ஒரே பயம். ஒருவர் பேசி மறைத்தார், ஒருவர் பேசாமல் மறைத்தார்.

அங்க பழகினவங்களோட வெளியில நட்பா இருக்கலாமா? வாட்ஸ்அப் குரூப் போடலாமா?

சுய உதவிக் குழுக்களில் அதை ஊக்குவிப்பார்கள். சிகிச்சைக் குழுக்களில், குறிப்பாக உறவுக் குழுக்களில், முடியும்வரை வேண்டாம் என்பார்கள். இருவர் வெளியே நெருங்கினால் அவர்களுக்குள் சில விஷயங்கள் தங்கிவிடும். குழுவில் ஒருவரை ஒருவர் காப்பாற்றத் தொடங்குவார்கள், உண்மை சொல்வது கடினமாகும். காதல் உறவு என்றால் சிக்கல் இன்னும் பெரிது. தற்செயலாகச் சந்தித்துப் பேசிவிட்டால் அடுத்த கூட்டத்தில் அதைச் சொல்லிவிடுங்கள்.

மாத்திரை சாப்பிட்டுட்டு இருக்கேன். குழுவுக்குப் போறதால நிறுத்திடலாமா?

நிறுத்தாதீர்கள். மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் மனநல மருத்துவரோடு பேசி மட்டுமே. சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம், நோய் திரும்புவது எல்லாம் வரலாம். குழுவில் ஒருவர் 'நான் நிறுத்திட்டேன், நல்லா இருக்கேன்' என்றால் அது அவர் உடம்பின் கதை. மருந்து, தனி ஆலோசனை, குழு மூன்றையும் ஒன்றாக எடுப்பவர்கள் பலர்.

சாகணும்னு எண்ணம் வருது. அதைக் குழுவுல சொன்னா துரத்திடுவாங்களா?

துரத்த மாட்டார்கள். அந்த எண்ணம் வந்துபோவது குழுவில் இருக்கும் பலருக்கும் தெரிந்த ஒன்று, சொல்வதால் அது வளராது. சேரும் முன் நடக்கும் தனிப் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். எண்ணம் மட்டுமா, திட்டமும் இருக்கிறதா என்று கேட்டு, நெருக்கடி வந்தால் யாரை அழைப்பது, எதைக் கைக்கு எட்டாமல் வைப்பது என்று உங்களோடு சேர்ந்து எழுதி வைப்பார்கள்.

ஆனால் வாரம் ஒருமுறை கூடும் குழு அவசர சிகிச்சைக்கு ஈடாகாது. எண்ணம் திட்டமாக மாறினால் அடுத்த கூட்டம்வரை காத்திருக்க வேண்டாம். அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள், அல்லது அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். தயவுசெய்து தனியாக இருக்காதீர்கள்.

நேர்ல போகாம வீடியோவுல சேரலாமா?

சேரலாம். வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. கதவு மூடிய அறையும் ஹெட்போனும் வேண்டும், பின்னால் யாரும் நடமாடக் கூடாது, பதிவு செய்யக் கூடாது. மேலே ரகசியம் பற்றிச் சொன்னது இங்கே இரண்டு மடங்கு பொருந்தும், ஏனென்றால் உங்கள் வீட்டார் காதில் விழுவது இன்னொருவர் கதை.

என் மனைவி குழுவுக்குப் போறாங்க. என்ன நடந்துச்சுன்னு கேக்கலாமா?

'எப்படி இருந்துச்சு?' என்று கேளுங்கள். 'யார் என்ன சொன்னாங்க?' என்று கேட்காதீர்கள், அவர் சொல்ல முடியாது. திரும்பி வரும் நாளில் கொஞ்சம் அமைதியாக இருக்க விடுங்கள். சில வாரங்கள் கழித்து, இதுவரை சொல்லாத ஒன்றை உங்களிடம் நேராகச் சொல்ல ஆரம்பிக்கலாம். 'அங்க போய்க் கெட்டுட்டா' என்று தோன்றும். அங்கே பழகிப் பார்த்ததை வீட்டில் செய்து பார்க்கிறார். தயவுசெய்து இடம் கொடுங்கள்.

நடத்தறவர் சரியானவரான்னு எப்படித் தெரியும்?

என்ன படித்தார், குழு நடத்தப் பயிற்சி எடுத்தாரா, அவரை மேற்பார்வையிட யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள். நல்லவர் கோபிக்க மாட்டார். அழவைப்பதைச் சாதனையாக நினைப்பவர், ஒருவரை எல்லோரும் சேர்ந்து தாக்கும்போது வேடிக்கை பார்ப்பவர், விலக நினைப்பவரை மிரட்டுபவர், பொருள் விற்பவர், உறுப்பினரோடு தனி உறவு வைப்பவர் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். இந்த இடத்தில் மட்டும், மேலே நான் கேட்டுக்கொண்ட மாதிரி சொல்லிவிட்டுப் போக வேண்டிய அவசியம்கூட இல்லை.

எப்போ போதும்னு தெரிஞ்சுக்கறது?

வந்த காரணத்தைத் திரும்பிப் பாருங்கள். முன்பு உங்களை வீழ்த்திய ஒன்று இப்போது வந்தாலும் எழுந்து நடக்க முடிகிறதா, குழுவில் சொல்லப் பழகியதை வெளியே ஒருவரிடமாவது சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடிகிறது என்றால் நேரம் நெருங்குகிறது.

முடிவு செய்ததும் அன்றே போய்விடாமல், மூன்று நான்கு வாரம் முன்னதாகச் சொல்லுங்கள். சொல்லிக்கொண்டு பிரியும் வாய்ப்பு பலருக்கு வாழ்க்கையில் கிடைத்ததே இல்லை. அவர்கள் இழந்தவர்கள் எல்லாம் திடீரென்று போனவர்கள். அந்தக் கடைசி வாரங்களில் ஒவ்வொருவரும் உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டதைச் சொல்வார்கள், நீங்களும் சொல்வீர்கள். என் கடைசி நாளில், பல மாதம் அதிகம் பேசாமலே எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், 'நீ முதல் நாலு வாரம் பேசாம இருந்தியே, அப்பவே எனக்குத் துணையா இருந்துச்சுப்பா' என்றார்.